கதையை யார் சொல்வது?

(இறுதியாண்டு மாணவர், இயந்திரவியல் துறை)



நம் பேரவை மலருக்கு வரும் கதைகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். கவிதைகள் கட்டுக் கட்டாக வரும், அது தனிக் கதை! சிறுகதைகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்ல ஆசைப்படுகிறேன். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நம்ம பசங்களுக்குக் கதை தெரியாது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். செங்கல் சூளையிலிருந்து படிக்க வந்தவன், விசைத்தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகியவன், மீன்பிடித் தடைக்காலத்தில் ஃபீஸ் கட்டத் திண்டாடியவன், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவள் என்று எல்லோரும் இங்கே இருக்கிறோம். ஹாஸ்டலில் ராத்திரி கரண்ட் போனால் வருகிற கதைகளைக் கேட்டிருக்கிறீர்களா? விடிய விடியக் கேட்கலாம். அதே ஆட்கள் பேனாவைப் பிடித்ததும் என்ன ஆகிறது? 'ராமு ஒரு ஏழை மாணவன். அவன் தாய் ஒரு தியாகச் சுடர்...' என்று ஆரம்பித்து, 'சமுதாயமே, நீ என்று மாறுவாய்?' என்று முடித்துவிடுகிறார்கள். நடுவில் ராமு என்ன பார்த்தான், என்ன கேட்டான், எதற்குப் பயந்தான் என்று ஒன்றுமே இல்லை.

குறை கருவிலும் இல்லை, தமிழிலும் இல்லை. இந்தக் கதையை யார் சொல்கிறார்கள், எங்கே நின்றுகொண்டு சொல்கிறார்கள் என்று முடிவு செய்யாமலே எழுத ஆரம்பித்துவிடுகிறோம். என்னைக் கேட்டால், கதை எழுதுகிறவன் எடுக்க வேண்டிய முதல் முடிவு அதுதான். அது ஏதோ இலக்கியக்காரர்கள் சமாச்சாரம் என்று ஒதுக்க முடியாது. அதில் ஒரு நியாய அநியாயமும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

டிராயிங் ஹாலில் ஒரு பாடம்

நமக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவோம். என்ஜினியரிங் டிராயிங்கில் ஒரு பொருளின் டாப் வியூ மட்டும் கொடுக்கிறார்கள். ஒரு வட்டம். பொருள் என்ன? சிலிண்டராக இருக்கலாம், பந்தாக இருக்கலாம், கோனாகக்கூட இருக்கலாம். எங்கிருந்து பார்க்கிறோம் என்பதை வைத்துத்தான் எது தெரியும், எது மறையும் என்பது முடிவாகிறது. மறைந்திருப்பதைக் காட்ட வேண்டுமானால் புள்ளிக்கோடு போடு, இல்லையென்றால் வெட்டி செக்‌ஷன் வியூ காட்டு.

ஃபர்ஸ்ட் ஆங்கிள், தேர்டு ஆங்கிள் ஞாபகம் இருக்கிறதா? முதலாவதில் பார்ப்பவருக்கும் தளத்துக்கும் நடுவில் பொருள். மூன்றாவதில் பார்ப்பவருக்கும் பொருளுக்கும் நடுவில் தளம். இரண்டும் சரியான முறைகள்தான். ஆனால் ஒரே ஷீட்டில் இரண்டையும் குழப்பிப் போட்டால் பீஸ் தலைகீழாக வரும். அதனால்தான் டைட்டில் பிளாக்கில் எந்த முறை என்று ஒரு சின்னம் போடச் சொல்கிறார்கள். வொர்க்‌ஷாப்காரர் அதைப் பார்த்துவிட்டுத்தான் மெஷினில் கை வைப்பார்.

கதைக்கும் அப்படி ஒரு சின்னம் உண்டு. முதல் பாராவிலேயே அது தெரிந்துவிட வேண்டும். தன்மையா, படர்க்கையா? தன்மை என்றால் எந்த 'நான்'? படர்க்கை என்றால் யார் தோளுக்குப் பின்னால் நிற்கிறோம்? வாசகர் அதைப் பார்த்துத்தான் கதைக்குள் கால் வைப்பார்.

'நான்' கிடைக்கிற இடம்

'நான்' என்று எழுதினால் வாசகர் சட்டென்று நம்பிவிடுவார். அதுதான் அதன் பலம். தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' கதையைப் படித்தவர்களுக்குத் தெரியும். ரயிலில் ஒரு அப்பாவும் சின்ன மகனும் போகிறார்கள். கல்கத்தாவில் ஒரு வீட்டுக்கு வேலை செய்யப் போகிற சிறுமியும் அதே வண்டியில் வருகிறாள். பையன் தன் ஆரஞ்சுப் பழத்தை அவளுக்குக் கொடுத்துவிடுகிறான். கதை அவ்வளவுதான். சொல்வது அப்பா. அந்தச் சிறுமியே 'நான்' என்று சொல்லியிருந்தால் அது ஒரு துயரக் கதையாகப் போயிருக்கும். கதாசிரியர் மேலே உட்கார்ந்து சொல்லியிருந்தால் நீதிக்கதை ஆகியிருக்கும். தன் பிள்ளையைத் தானே புதிதாகப் பார்க்கிற ஓர் அப்பா சொல்வதால்தான் அந்தத் தலைப்பு நமக்கும் உடம்பில் ஏறுகிறது.

'நான்' என்றால் கதாநாயகனாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மு. வரதராசனாரின் 'அகல் விளக்கு' 1961-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். அதில் கெட்டுச் சீரழிகிறவன் சந்திரன், ஆனால் கதை சொல்வது அவன் நண்பன் வேலய்யன். பக்கத்திலேயே இருந்து, பார்த்து, தடுக்க முடியாமல் போனவனின் குரல் அது. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளும் அப்படியே. பெரும்பாலானவற்றை டாக்டர் வாட்ஸன்தான் சொல்கிறார். ஹோம்ஸே சொன்னால் அவருக்குத்தான் விடை முன்னாடியே தெரியுமே, அப்புறம் நமக்கு என்ன வேலை? அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' கதையில் வேலை கேட்டு வந்த ஒரு மனிதர் சினிமா ஸ்டூடியோவில் புலியாகவே மாறி ஆடிக் காட்டுகிறார். சொல்வது அங்கே வேலை பார்க்கிற ஒருவர். ஆடியவரின் மனசுக்குள் கதை நுழைவதே இல்லை. நுழையாததால்தான் அந்த ஆட்டம் நம் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

'நான்' சொல்வது எல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யில் கதை சொல்கிறவருக்கே தான் கண்டது நிஜமா பிரமையா என்று நிச்சயமில்லை. அவருக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. அந்த இருட்டுதான் பயம்.

சரி, பலவீனம் என்ன? 'நான்' தூங்கும்போது ஊரில் நடந்தது 'நானு'க்குத் தெரியாது. நம் மலருக்கு வந்த ஒரு கதையில் 'நான்' மயங்கி விழுந்துவிடுகிறான். அடுத்த வரியில் டாக்டர் வெளியே போய் அவன் அம்மாவிடம் ரகசியமாகப் பேசுவது வார்த்தைக்கு வார்த்தை வருகிறது! மயங்கிக் கிடந்தவன் எப்படிக் கேட்டான்? கேட்டதும் கேள்விப்பட்டதும் வேறு. அதற்குத் தமிழில் அருமையான ஒரு வசதி இருக்கிறது. 'வந்தான்' என்றால் பார்த்தேன் என்று அர்த்தம். 'வந்தானாம்' என்றால் யாரோ சொல்லிக் கேட்டேன் என்று அர்த்தம். ஒரே ஓர் 'ஆம்' போதும். நம் பாட்டிமார் இதில் தவறுவதே இல்லை, நாம்தான் தவறுகிறோம்.

'அவன்' என்பதில் இரண்டு வகை

படர்க்கையில் ஒன்று, எல்லாம் தெரிந்த கடவுள் மாதிரி சொல்வது. எல்லோர் மனசுக்குள்ளும் புகலாம், நேற்று இன்று நாளை மூன்றும் தெரியும். பெரிய நாவல்களுக்கு அது தேவைப்படும். ஐந்து பக்கக் கதையில் எட்டுப் பேர் மனசுக்குள் புகுந்து வந்தால் வாசகருக்குத் தலை சுற்றும்.

இன்னொன்று, ஒரே ஆளின் தோளுக்குப் பின்னால் நிற்பது. 'அவன்' என்றுதான் எழுதுகிறோம், ஆனால் அவன் பார்ப்பதை மட்டும் பார்க்கிறோம். பூமணியின் 'வெக்கை' (1982) இதற்கு நல்ல பாடம். கொலை செய்துவிட்டு ஓடுகிற பதினைந்து வயதுப் பையன் சிதம்பரத்தோடு நாமும் ஓடுகிறோம். அவனுக்குத் தெரிகிற காடு, அவனுக்கு எடுக்கிற பசி, அவனுக்குத் தெரிந்த அளவு அய்யா. இந்த நாவலை வைத்து 2019-இல் வெற்றிமாறன் 'அசுரன்' படம் எடுத்தபோது நடுவில் நின்றது மகன் இல்லை, அப்பா. தனுஷ் நடித்த சிவசாமிக்கு ஒரு பழைய கதையே தனியாக வந்து சேர்ந்தது. மகனைப் பின்தொடர்ந்தால், 'இனி என்ன ஆகும்?' என்ற கேள்வி. அப்பாவைப் பின்தொடர்ந்தால், 'இவர் ஏன் இவ்வளவு பொறுத்துப் போகிறார்?' என்ற கேள்வி. ஆளை மாற்றினால் கேள்வியே மாறிவிடுகிறது, பார்த்தீர்களா?

சினிமாவிலிருந்து இன்னும் இரண்டு உதாரணம் சொல்லலாம். ஜப்பானில் அகுதாகவா 1922-இல் எழுதிய ஒரு சிறுகதையில், ஒரே சாவைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சாட்சி சொல்கிறார்கள். அதை வைத்து குரோசாவா 1950-இல் 'ரஷோமான்' எடுத்தார். நம் ஊரில் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954) அதே பாணியில் வந்தது. ஒரு ரேடியோ எஞ்சினியர் சுடப்பட்டு இறக்கிறார், விசாரணையில் ஆளுக்கு ஒரு கதை. ஒரு பாட்டுக்கூட இல்லாத படம்! கமல்ஹாசனின் 'விருமாண்டி' (2004) ஜெயிலில் இருக்கிற இரண்டு பேர் வாயால் ஒரே சம்பவங்களை இரண்டு தடவை சொல்கிறது. முதலில் கொத்தாளன் சொல்வதைக் கேட்டு ஒரு தீர்ப்புக்கு வந்துவிடுகிறோம், அப்புறம் விருமாண்டி பேசுகிறான். முதலில் பேசுகிறவனுக்கு எவ்வளவு பெரிய வசதி என்பதை அந்தப் படம் நமக்குக் காட்டிவிடுகிறது.

ஒரு விபத்து, ஆறு குரல்

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன்.

இன்பிளான்ட் டிரெயினிங் போன ஒரு சிறு தொழிற்சாலையில் (பெயர் வேண்டாம்) பவர் பிரஸ்ஸில் வேலை பார்த்த ஒரு ஹெல்பருக்கு இடது கை மோதிர விரல் போய்விட்டது. என் வயதுதான் அவருக்கு. ஆனாலும் நாங்கள் டிப்ளமோ என்பதால் எங்களை 'சார்' என்பார். அந்த பிரஸ்ஸில் இரண்டு கை பட்டன் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் ராம் கீழே இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் டைக்குள் கை போகாது, அதற்குத்தான் அந்த ஏற்பாடு. அங்கே ஒரு பட்டனை அமுக்கினபடியே டேப் சுற்றி வைத்திருந்தார்கள். ஒரு கையால் ஷீட்டைத் தள்ளி, மறு கையால் அமுக்கினால் மணிக்கு நிறைய பீஸ் விழும் அல்லவா! இயந்திரத்தின் ஆபத்தான பாகத்துக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லியிருந்தது. சட்டம் காகிதத்தில், டேப் பட்டனில்.

விபத்து ரிப்போர்ட்டில் எழுதப்பட்டது ஒரே வரி. தொழிலாளியின் கவனக்குறைவால் கை உள்ளே சென்று காயம் ஏற்பட்டது என்ற பொருளில். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது அவர் என்னிடம் கேட்டது இதுதான்: "கையை நானா சார் உள்ளே வச்சேன்? பீஸ் சிக்கிச்சு, எடுத்தேன். எடுக்கலைன்னா டை உடைஞ்சிருக்கும், அதுக்கும் என்னையத்தானே திட்டுவாங்க?"

இதைக் கதையாக எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் சொல்வது?

ஹெல்பரே 'நான்' என்று சொல்லலாம். சிக்கின பீஸ், காதை அடைக்கிற சத்தம், பின்னால் நிற்கிறவரின் அவசரம் எல்லாம் அவருக்குத் தெரியும். டேப் சுற்றியது யார் என்று அவருக்குத் தெரியாது. அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே அது அப்படித்தான் இருந்தது. அவருக்கு அதுதான் மெஷின்.

சூப்பர்வைசர் 'நான்' என்று சொல்லலாம். அவர் கெட்டவர் இல்லை. டார்கெட், மேலிடத்து போன், ஆள் பற்றாக்குறை என்று எல்லாம் சொல்லுவார். டேப்பைப் பற்றி மட்டும் சொல்லவே மாட்டார். அவர் சொல்லாமல் விட்டதை வாசகரே கண்டுபிடிக்கும்படி எழுதிவிட்டால் அது முதல் தரமான கதை.

முதலாளி பக்கமும் ஒன்று உண்டு. பேங்க் கடன், பெரிய கம்பெனிக்குத் தேதி தவறாமல் அனுப்ப வேண்டிய சரக்கு, தவறினால் அடுத்த ஆர்டர் இல்லை. அங்கிருந்து பார்த்தால் இந்த விபத்து ஒரு டெலிபோன் அழைப்பு, அவ்வளவுதான். அவ்வளவுதான் என்பதே ஒரு கதை.

பயிற்சிக்கு வந்த மாணவன் ஒருவன் சொல்லலாம். இரண்டு கை பட்டன் எதற்கு என்று பாடத்தில் படித்தவன் அந்த ஷெட்டில் அவன் ஒருவன்தான். மார்க் வாங்க எழுதிய பதிலுக்கு ஒரு விரல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவனுக்குப் புரிகிறது.

ஊரில் இருக்கிற அம்மா சொல்லலாம். அவருக்கு எல்லாமே 'ஆம்'தான். மிஷின்ல கை மாட்டிக்கிச்சாம், ஒரு விரல்தானாம், கம்பெனியிலேயே பார்த்துக்கிறாங்களாம், ஒண்ணும் பயமில்லையாம். கதை முழுக்க ஒன்றையும் நேரில் பார்க்காத ஒருத்தி. இப்படி ஒரு கதையை யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் நான் முதல் பரிசுக்குக் கை தூக்கியிருப்பேன்.

ஆறாவது குரல் அந்த ரிப்போர்ட். அதில் 'நான்' இல்லை, 'அவர்' இல்லை, டேப் இல்லை. 'ஏற்பட்டது' என்று முடிகிறது. யார் ஏற்படுத்தினார்கள்? அதற்கு அந்த வாக்கியத்தில் இடமே கிடையாது. கதைசொல்லியே இல்லாதது மாதிரி நடிக்கிற கதைசொல்லி அது. நடுநிலை மாதிரி இருக்கும். ஆனால் அது நிற்கிற இடம் முதலாளியின் மேஜைக்குப் பின்னால்.

இதனால்தான் சொல்கிறேன், யார் சொல்வது என்பது வெறும் நடை சம்பந்தப்பட்டதில்லை. யார் சொல்கிறார்களோ அவர்கள் பக்கம் பழி போகாது.

'அவனா', 'அவரா'?

மேலே அந்த ஹெல்பரை 'அவர்' என்று எழுதினேன். கண்ணை உறுத்தியதா? உறுத்தியிருந்தால் ஏன் என்று யோசியுங்கள். நம் கதைகளில் வாட்ச்மேன் வந்தான், டீக்கடைப் பையன் போனான், முதலாளி வந்தார், மேனேஜர் சொன்னார் என்றுதான் கை தானாக எழுதுகிறது. ஆங்கிலத்தில் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஒரே 'ஹி'தான். தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது. வினைச்சொல்லை முடிக்கிறபோதே மரியாதை கொடுத்தாயா, பறித்தாயா என்று காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே தமிழில் எங்கேயும் நிற்காமல் கதை சொல்வது என்பதே கிடையாது. 'அவன்' என்று எழுதும்போதே நீங்கள் ஒரு படி மேலே ஏறி நிற்கிறீர்கள், அல்லது அவனோடு தோளில் கை போட்டு நிற்கிறீர்கள். இரண்டும் 'அவன்'தான். எது என்று தெரிந்து எழுத வேண்டும்.

எல்லோருக்கும் 'அவர்' போடுங்கள் என்று சட்டம் பேச வரவில்லை. வாட்ச்மேன் மகன் அப்பாவைப் பற்றிச் சொல்கிற கதையில் 'அப்பா வந்தார்' என்று வரும், சில வீட்டில் 'அப்பா வந்துச்சு' என்று வரும். மேனேஜர் வீட்டுப் பையன் சொல்கிற கதையில் அதே மனிதர் 'வந்தான்' ஆகலாம். அந்த 'வந்தான்' அந்தப் பையனைப் பற்றி ஒரு பக்கம் விளக்கம் எழுதுவதைவிட அதிகம் சொல்லிவிடும். மரியாதையைத் தீர்மானிப்பது எழுதுகிறவனின் கைப்பழக்கமாக இருக்கக் கூடாது. கதை சொல்கிறவர் யாரோ, அவருடையதாக இருக்க வேண்டும்.

'நாம்', 'நாங்கள்' விஷயமும் அப்படித்தான். 'நாம் பட்டினி கிடந்தோம்' என்றால் வாசகரும் பட்டினி கிடந்தவர். 'நாங்கள் பட்டினி கிடந்தோம்' என்றால் வாசகர் வெளியே நிற்கிறார், அவருக்குக் கதவு திறக்கவில்லை. ஒரு சமூகத்தின் வலியைச் சொல்கிறபோது எதைப் போடுவது என்பது லேசான முடிவு இல்லை.

அடுத்தவருடைய 'நான்'

இங்கே ஒரு கேள்வி வரும். நான் அனுபவிக்காததை 'நான்' என்று எழுதலாமா? ஆண் எழுதுகிற கதையில் பெண் 'நான்' என்று பேசலாமா?

எழுதியிருக்கிறார்கள். ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966-இல் வெளிவந்து பெரிய சர்ச்சையைக் கிளப்பிய சிறுகதை. மழையில் பஸ்ஸுக்கு நின்ற மாணவியைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஒருவன் கெடுத்துவிடுகிறான். அம்மா அவள் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று அணைத்துக்கொள்கிறாள். அது படர்க்கைக் கதை. அப்புறம் அவரே, அம்மா அப்படிச் செய்யாமல் ஊர் கூடும்படி கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எழுதினார். அதற்கு 1972-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அங்கே கங்காவே 'நான்' என்று பேசுகிறாள். சிறுகதையில் அவளுக்கு என்ன தீர்ப்பு என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். நாவலில் அவள் மற்ற எல்லோருக்கும் தீர்ப்புச் சொல்கிறாள்.

ஆனால் 1992-இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. தலித் பெண் ஒருவர் தன் வாழ்க்கையைத் தானே, தன் பேச்சுமொழியிலேயே எழுதினார். அதைப் படித்தபோது, அதுவரை பரிதாபத்தோடு 'அவள்', 'அவர்கள்' என்று மற்றவர்கள் எழுதியதில் எவ்வளவு விடுபட்டிருந்தது என்று தெரிந்தது. சேட்டை, சிரிப்பு, விளையாட்டு எல்லாம் விடுபட்டிருந்தன. பரிதாபப்படுகிறவன் கண்ணுக்குச் சிரிப்பு தெரியாது போலிருக்கிறது!

என் கருத்து இதுதான். அடுத்தவருடைய 'நான்' எழுதக் கூடாது என்று தடை போட்டால் கதையே இருக்காது. ஆனால் எழுதுவதற்கு முன் அவரிடம் போய் உட்கார வேண்டும். அவர் காலையில் என்ன சாப்பிடுவார், எதற்குச் சிரிப்பார், மெஷினை என்ன பெயர் சொல்லித் திட்டுவார் என்பது தெரியாமல் அவர் வாயில் நம் வசனத்தைத் திணிப்பது, பட்டனில் டேப் சுற்றுகிற மாதிரிதான். வேலை சீக்கிரம் முடியும், விரல் போகும்.

எழுதப் போகிறவர்களுக்கு

1. முதல் பாராவை 'நான்' போட்டு ஒரு தடவை, 'அவர்' போட்டு ஒரு தடவை எழுதுங்கள். ரூம்மேட்டிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். எதற்குச் செல்போனிலிருந்து தலை தூக்குகிறானோ அதுதான் சரி.

2. கதை சொல்கிறவருக்குத் தெரியாதது என்னென்ன என்று ஒரு பட்டியல் போடுங்கள். கதையின் சுவாரஸ்யம் பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் இருக்கும்.

3. ஒரு காட்சிக்கு ஒரு கண். மாற்ற வேண்டுமானால் இடம் விட்டு மாற்றுங்கள். பாதி வாக்கியத்தில் தாவாதீர்கள்.

4. லேத் ஓட்டுகிறவர் 'நான்' என்றால் அவர் நிலாவைப் பார்த்து வெள்ளித்தட்டு என்று சொல்ல வேண்டாம். புதிதாக ஃபேஸிங் பிடித்த பீஸ் மாதிரி மின்னுகிறது என்று சொல்லட்டும். உவமை அவர் கைபட்ட இடத்திலிருந்து வர வேண்டும்.

5. கடைசிப் பாராவில் சமுதாயத்தைக் கூப்பிட்டுத் திட்டியிருந்தால் அதை அடித்துவிடுங்கள். கதை சரியான ஆள் வாயிலிருந்து வந்திருந்தால் சமுதாயத்துக்குத் தானே உறைக்கும்.

நண்பர்களே, நாம் எல்லோரும் கதாசிரியர் ஆகப் போவதில்லை. சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸில் எஞ்சினியராக இருந்துகொண்டே ஸ்ரீரங்கத்துக் கதைகளை 'நான்' என்று எழுதிக் குவித்தார். அப்படி நம்மில் ஒன்றிரண்டு பேர் வரலாம், வர வேண்டும். மற்றவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

டிப்ளமோ முடித்தவன் நிற்கிற இடம் எது தெரியுமா? மேலே ஆபீஸ், கீழே ஷாப் ஃப்ளோர், நடுவில் நாம். தொழிலாளி நம்மை 'சார்' என்கிறார், மேலே இருக்கிறவர் நம்மை 'ஏம்ப்பா' என்கிறார். இரண்டு பக்கப் பேச்சும் காதில் விழுகிற இடம் அது. அங்கே நின்று கதை சொன்னவர்கள் தமிழில் ரொம்பக் குறைச்சல். அதனால் எழுதுங்கள் என்கிறேன்.

எழுதாவிட்டாலும் ஒன்று நிச்சயம். இன்னும் சில வருஷத்தில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக ஒரு மேஜைக்குப் பின்னால் உட்காரப் போகிறோம். ஏதாவது ஒரு நாள் ஒரு ஃபாரம் நம் முன்னால் வரும். 'விபத்தின் காரணம்' என்று போட்டு ஒரே ஒரு வரிக்கு இடம் விட்டிருப்பார்கள். அந்த ஒரு வரிக் கதையை எழுதப் போவது நாம்தான். 'ஏற்பட்டது' என்று முடிப்பதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போய், 'எப்படி நடந்துச்சு, நீங்களே சொல்லுங்க' என்று கேளுங்கள். இடம் போதவில்லை என்றால் பின்பக்கம் எழுதுங்கள். தாளுக்கு இரண்டு பக்கம் உண்டு!